'பாதிரிக்குடியார் ரட்சை': ஊர் மலையை யாரிடம் ஒப்படைப்பது?

மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி மலையில், பாறைச் சுவரில் ஒரு சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கிறது. அதை ஒட்டி, பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் சில வரிகள். இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் சமணத் துறவி அச்சணந்தி என்று அந்த எழுத்து சொல்கிறது. மலையின் அன்றைய பெயர் திருப்பிணையன் மலை என்கிறது. முடிவில் இரண்டே சொல்: 'பாதிரிக்குடியார் ரட்சை'. பாதிரிக்குடி ஊர்க்காரர்களின் காவலில் இது இருக்கிறது என்று பொருள்.

செய்வித்தவர் ஒரு துறவி, காப்பவர்கள் ஊரார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பிரிவினை தெளிவாக இருந்திருக்கிறது. காவலுக்கு அரசன் பெயரையோ அதிகாரி பெயரையோ வெட்டவில்லை, ஊரின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு சொல்லில்தான் என் கண் போய் நிற்கும்.

இந்த மலையும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் ரத்தான பிறகு, எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு தொடங்கியது. மலை உள்ள ஊர் எதற்குப் போனாலும் இதுதான். ஒருநாள் சாயந்தரம் ஒரு மந்தைச் சாவடியில் உட்கார்ந்திருந்தோம். வயதான அம்பலம் (ஊர்த் தலைவர்) ஒருவர் கேட்டார்: "தம்பி, நம்ம மலையில படுக்கை இருக்கு, எழுத்து இருக்கு, சுனை இருக்கு. இதை கவர்மெண்ட்டு கையில குடுத்தா நல்லதா, நாமளே வச்சுக்கிறது நல்லதா? டூரிஸ்ட் கம்பெனிக்காரனும் வந்து பேசிட்டுப் போயிருக்கான். எதுன்னு சொல்லு."

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்வெட்டோ, சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய சமணர் படுக்கையோ, குடைவரையோ உள்ள ஒரு ஊருக்கு முன்னால் இன்றைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் விடலாம், பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கச் சொல்லலாம், சுற்றுலாவுக்குத் திறந்துவிடலாம், எதுவும் வேண்டாம் என்று ஊரே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் மலைக்கு என்ன கிடைக்கும், ஊருக்கு என்ன கிடைக்கும், எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று பார்ப்போம்.

தொல்லியல் துறையின் பலகை

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். 'பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை' என்று ஒரு பலகை. மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறைக்கு 1958 சட்டம் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966 சட்டம். மத்தியத் துறையின் பட்டியலில் ஏறிவிட்டால் பலம் அதிகம். 2010 திருத்தத்தின்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமோ குவாரியோ கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு எதைக் கட்டினாலும் அனுமதி வாங்க வேண்டும். ஒரு புள்ளியைச் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டால் ஏறக்குறைய 70 ஏக்கர் வரும். கிரானைட் லாரிகள் ஓடிய மேலூர்ச் சீமையில் 70 ஏக்கர் காவல் என்பது பெரிய விஷயம்.

கீழவளவைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே பஞ்சபாண்டவர் மலையில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் ஒரு கல்வெட்டு தலைகீழாக, வலமிருந்து இடமாக வெட்டப்பட்டிருக்கிறது. தொண்டி ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த கொடை அது. அந்த மலையைச் சுற்றி கிரானைட் வெட்டி எடுத்த பள்ளங்கள் கிணறு போல் கிடக்கின்றன, மழை பெய்தால் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும். 2012இல் அன்றைய ஆட்சியர் உ. சகாயம் கிரானைட் இழப்பு 16,000 கோடி ரூபாய் என்று அறிக்கை அனுப்பினாரே, அந்தக் கணக்கில் இந்த வட்டாரத்துப் பாறைகளும் உண்டு. கல்வெட்டு இருந்த ஒரே காரணத்தால்தான் அந்த மலை இன்னும் மலையாக நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் துறை காப்பது கல்லை. கல்லோடு ஊருக்கு இருக்கும் உறவு அதன் முதல் கவலை இல்லை. மதுரை வட்டாரத்தில் யாரும் 'சமணர் படுக்கை' என்று சொல்ல மாட்டார்கள், 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்றுதான் சொல்வார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் ஊருக்குச் செட்டியார், அந்த இடம் செட்டிப்புடவு. அவர்கள் சொல்வது வரலாற்றுப்படி சரியில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் இத்தனை தலைமுறையாக யாரும் அந்தச் சிலைகளை உடைக்காமல் இருந்தார்கள்.

சேலம் பெரியேரியில் இந்த முரண் கோர்ட் வரைக்கும் போனது. தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் கும்பிட்டு வந்த சிலை புத்தர் சிலைதான் என்று தொல்லியல் வல்லுநர்கள் ஆய்வு செய்து சொன்னார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை வசம் ஒப்படைக்கச் சொன்னது, பூசை செய்வதையும் நிறுத்தச் சொன்னது. புத்தருக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்தது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவரை முனியப்பனாக நினைத்து எண்ணெய் தடவி, பொங்கல் வைத்துக் காத்த குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே என்ன இடம்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு ஊர் துறையிடம் போகும்முன் இதை யோசித்துவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் மலையில் ஆடிக்கு ஆடி பொங்கல் வைக்கும் இடம் உண்டா? சுனையில் தீர்த்தம் எடுப்பீர்களா? ஆடு மாடு எந்தப் பக்கம் ஏறும்? அறிவிக்கை வருவதற்கு முன்னால் எழுத்தில் பதிவு செய்யாவிட்டால் பின்னால் அது 'ஆக்கிரமிப்பு' என்ற பெயரில்தான் கோப்பில் ஏறும்.

இன்னொன்று ஆள் பலம். பலகை வைப்பது ஒருநாள் வேலை, காவல் 365 நாள் வேலை. கணக்குத் தணிக்கை அதிகாரி 2013இல் கொடுத்த அறிக்கையில், மத்தியத் துறையின் பட்டியலில் இருந்த 92 சின்னங்களைக் காணவில்லை என்று எழுதினார். பட்டியலில் இருந்தே காணாமல் போயிருக்கின்றன என்றால், காப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்தானே. எங்கள் பக்கத்து மலை ஒன்றில் 2,000 ஆண்டு பழைய எழுத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஆணியால் கீறிய காதலர் பெயர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு பூசிப் படம் எடுத்த தடமும் இருந்தது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று யாரோ ஆசையில் செய்தது. அந்த நேரத்தில் அங்கே ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தால் "ஏப்பா, தொடாதே" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார். அந்தச் சத்தத்துக்குப் பட்ஜெட் தேவையில்லை.

பல்லுயிர் மரபுத் தலம்

இந்தப் பெயர் 2022 நவம்பர் வரை எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு, பலவகை உயிரினங்கள் செழித்த ஒரு இடத்தை இப்படி அறிவிக்கலாம் என்கிறது. அப்படித் தமிழ்நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டது அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர். ஏறக்குறைய 478 ஏக்கர். ஏழு குன்றுகள், நிறைய ஊற்றுகள், ஏரி கண்மாய்கள், லகர் வல்லூறு, ராஜாளி, சுமார் 250 வகைப் பறவைகள். பல்லுயிர்ச் சட்டத்தில் வந்த அறிவிப்பு என்றாலும், அதே எல்லைக்குள் குடைவரைச் சிவன் கோயிலும், சைவத்தின் பாசுபதப் பிரிவுக் குருவான லகுலீசருக்கு, தமிழ்நாட்டில் அபூர்வமான சிற்பமும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் அடங்குகின்றன. கல்லையும் உயிரையும் ஒரே கோட்டுக்குள் வைத்துப் பார்த்தது, எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இதுதான் முதல் தடவை. ஊர்க்காரர் கண்ணுக்கு அவை என்றைக்கும் ஒன்றுதான். சுனை வற்றினால் சாமி கோபம், பருந்து போனால் மலைக்குக் கேடு என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

தொல்லியல் துறை வழிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது: பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தாலும் ஊராரின் வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை வராது. தாங்களாக முன்வந்து போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு மட்டும்தான் என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டு நெறி சொல்கிறது. ஆடு மேய்க்கலாம், பூசை செய்யலாம், மூலிகை பறிக்கலாம், கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடத்தலாம். நிர்வாகத்தில் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு இடம் உண்டு, என்னென்ன செடி, என்னென்ன பறவை, யாருக்கு என்ன தெரியும் என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் வழி உண்டு. பாதிப்பு வந்தால் இழப்பீட்டுக்குத் திட்டம் வகுக்கவும் அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்தது. ஊரைக் குற்றவாளியாகப் பார்க்காத சட்டம்.

பெரிய மலைதான் வேண்டும் என்பதும் இல்லை. இரண்டாவதாக 2025இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரக்கோயில் காடு 4.97 ஹெக்டேர்தான். கோயில் காடு அது. ஒரு கிராம தெய்வத்தின் பேரில் விறகு வெட்டாமல் விட்ட காடு, இன்றைக்குச் சட்டப்படி மரபுத் தலம். சின்ன ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதன் பலவீனமும் அரிட்டாபட்டியிலேயே தெரிந்தது. 2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனது. 2,015.51 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். மரபுத் தலம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அறிவித்த நிலமும் அதற்குள்ளேயே இருந்தது. அறிவிக்கை இருந்தும் ஏலத்தை அது தடுக்கவில்லை. இதை மறக்கக் கூடாது.

பிறகு நடந்ததுதான் பாடம். ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் கடைசியில், பல்லுயிர் மரபுத் தலத்தை விட்டுவிட்டு மீதித் தொகுதியைப் பார்க்கலாமா என்று மறுஆய்வு செய்ய மத்திய அரசு புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டது. காகித எல்லையின் பலம் அந்த அளவுதான் வந்தது: மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கில் நரசிங்கம்பட்டியும் வல்லாளபட்டியும் இருந்தன, கண்மாய்களும் வயல்களும் இருந்தன. ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தார்கள். கைப்பிள்ளையோடு வந்த பெண்களைப் பார்த்தேன், கம்பூன்றி நடந்த கிழவர்களைப் பார்த்தேன். ஜனவரி 23 அன்று ஏலம் மொத்தமாக ரத்தானது. மரபுத் தலம் என்ற அறிவிப்பு அவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதமாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆயுதம் தானாக எழுந்து போகாது, தூக்கிப் பிடித்தது மக்களின் கை.

சுற்றுலாவுக்குத் திறப்பது

இதில் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் தெளிவான கருத்து இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2017இல் கொண்டுவந்தது. 2018இல் டெல்லி செங்கோட்டையை டால்மியா பாரத் நிறுவனம் ஐந்து வருடத்துக்கு 25 கோடி ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டபோது நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. கழிப்பறை, குடிநீர், விளக்கு, வழிகாட்டிப் பலகை எல்லாம் வரும், அவை வேண்டியவைதான். ஆனால் செங்கோட்டையைச் சுற்றி ஒரு மாநகரம் இருக்கிறது. நம்முடைய மலையடிவாரத்தில் 300 வீடு. அங்கே ஒரு கம்பெனி கேட் போட்டால், ஆடு ஓட்டிப் போகிற கிழவியும் டிக்கெட் எடுக்க வேண்டிய நாள் வரும்.

ஊரே நடத்துகிற சுற்றுலா வேறு விஷயம். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஹோட்கா என்று ஒரு கிராமம். அங்கே வருகிறவர்களுக்கு மண் சுவர் வைத்த வட்டக் குடில்களில் தங்க இடம் கொடுக்கிறார்கள். குடில் கட்டியது ஊர்க்காரர்கள், பூ வேலைப்பாடு செய்தது ஊர்ப் பெண்கள், நடத்துவது கிராமச் சுற்றுலாக் குழு. வருமானம் ஊருக்குள் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் இது நடக்காதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நடக்கும், ஆனால் முதலில் நடக்கக் கூடாது. குப்பை யார் அள்ளுவது, கல்வெட்டு குகைக்குள் எத்தனை பேர் ஒரே நேரத்தில் போகலாம், மது பாட்டிலோடு வருகிறவனை யார் நிறுத்துவது என்று முடிவாகும் முன் வண்டி நிறுத்த இடம் போட்டால், மூன்று வருடத்தில் அந்தப் பாறை வெறும் செல்ஃபி இடமாகிவிடும். கூட்டம் இல்லாமல் போய் வரும் வழியும் இருக்கிறது. மதுரையில் பசுமை நடைக்காரர்கள் வருடக்கணக்காகச் செய்வது அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மலை, தொல்லியல் அறிஞர் ஒருவர் நின்று கல்வெட்டைப் படித்துச் சொல்வார், பிறகு எல்லோரும் உட்கார்ந்து காலை உணவு. டிக்கெட் இல்லை, கேட் இல்லை. நகரத்துக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதுரை ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை 2010இல் ஊரார் எதிர்த்து நின்ற காலத்தில் தொடங்கிய உறவு அது.

ஊரே வைத்துக்கொள்வது

அந்த அம்பலம் ஐயாவின் மனதில் இருந்தது இதுதான் என்று தெரியும். "நாமளே வச்சுக்கிறது." எனக்கும் இதில்தான் சாய்வு. அதனாலேயே இதன் குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பலம் என்னவென்றால், ஊர் தூங்குவது இல்லை. அரிட்டாபட்டியில் கிரானைட் குவாரி வந்தபோதும் எழுந்து நின்றது ஊர்தான், அன்றைக்கு எந்த மரபுத் தல அறிவிப்பும் அவர்கள் கையில் இல்லை. மலைக்கு யார் ஏறுகிறார்கள், எந்த வண்டி புதிதாக வந்து நிற்கிறது, எந்தச் சர்வேயர் சங்கிலி பிடித்தார் என்று ஆடு மேய்க்கிறவருக்கு முதலில் தெரியும். வேறு எந்தத் துறைக்கும் இந்தக் கண் கிடையாது.

பலவீனம் இரண்டு. ஒன்று சட்டம். நம் மாநிலத்தில் கிராம சபைத் தீர்மானம் ஒரு சுரங்கக் குத்தகையைத் தானாக ரத்து செய்யாது. பழங்குடிப் பகுதிகளுக்கான தனிச் சட்டம் இங்கே பொருந்தாது. தீர்மானத்தின் பலம் அரசியல் பலம், அதைப் பிடித்துக்கொண்டு ஊர் நிற்கிற வரைதான். சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு அமைப்பைப் பதிவு செய்தால் வங்கிக் கணக்கு வைக்கலாம், வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஊர் என்றால் யார்? இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் நிறைய. மந்தைச் சாவடியில் உட்கார்ந்திருந்த 40 பேரில் ஒரு பெண்கூட இல்லை. காலனித் தெருவிலிருந்து வந்தவர் இருவர், அவர்களும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். குவாரிக்காரனுக்கு வழி காட்டியதும் சில இடங்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள்தான். 'ஊர்க் கமிட்டி' என்று நாலு வகையறாவின் பெரியவர்களை மட்டும் போட்டால், கல்வெட்டு தப்பும், ஊருக்குள் பழைய அநியாயமும் கூடவே பத்திரமாக இருக்கும். அதைக் காப்பதற்கு நான் வர மாட்டேன். மலையில் தினமும் ஏறுகிறவர்கள் ஆடு மேய்க்கிற பெண்கள், தேன் எடுக்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள். கமிட்டியில் முதல் நாற்காலி அவர்களுக்குப் போட வேண்டும்.

மாங்குளம் கல்வெட்டுகளை யோசித்துப் பாருங்கள். அரிட்டாபட்டியிலிருந்து பார்த்தால் மீனாட்சிபுரத்துப் பக்கம் தெரிகிற மலைதான். 1882இல் இராபர்ட் சீவல் கண்டெடுத்து, 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழ் என்று காட்டிய எழுத்துகள். அங்கே நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அதே மலையில் வெள்ளறை நிகமத்தோர் என்ற வணிகக் குழுவின் பெயரும் இருக்கிறது. அரிட்டாபட்டிக் குகையைக் கொடுத்தவன் இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன். அரசன், வணிகர், ஒரு தகப்பனின் மகன், துறவி, ஊரார். ஒருவர் கையில் மட்டும் அந்த மலைகள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எதை முதலில் செய்வது

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, எது என்பதைவிட எந்த வரிசையில் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். துறை முதலில் வந்து ஊர் பின்னால் போனால், ஊர் பார்வையாளர் ஆகிவிடும். சுற்றுலா முதலில் வந்தால், ஊர் டீக்கடை போடும், மலை வேறொருவன் கைக்குப் போகும். ஊர் முதலில் உட்கார்ந்து தன் உரிமையை எழுதி வைத்துவிட்டால், பிறகு வருகிற எந்தத் துறையும் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஆகவே, பின்னால் ஒருநாள் அதே சாவடிக்குப் போய் நான் அந்த ஊருக்குச் சொன்னது: முதலில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர் என்று குறைந்தபட்ச வருகை உண்டு, அது குறைந்தால் தீர்மானம் செல்லாது. மினிட் புத்தகத்தில் மலையின் சர்வே எண்கள், படுக்கை, கல்வெட்டு, சுனை, கோயில், மேய்ச்சல் வழி எல்லாம் தனித்தனியாக ஏற வேண்டும். 'எங்கள் மலையைக் காக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் நாளைக்கு எந்த மலை என்று கேட்பார்கள்.

அடுத்தது, அந்தத் தீர்மானத்தையே வைத்துக்கொண்டு பல்லுயிர் மரபுத் தலத்துக்கு விண்ணப்பம். பதிவேட்டில் பறவைப் பெயரோடு சாமி பெயரும், செடியோடு அதை யார் எந்த வியாதிக்குப் பறிக்கிறார்கள் என்பதும் எழுத வேண்டும். எல்லையைப் போடும்போது மலையோடு நிறுத்தாமல், மலைத் தண்ணீர் வந்து சேரும் கண்மாய் வரை கேட்க வேண்டும். டங்ஸ்டன் விஷயத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளியே நின்றதை நினைத்துக் கேட்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம், கேட்காமல் விடக் கூடாது.

கல்வெட்டும் குடைவரையும் உள்ள பாறை மட்டும் தொல்லியல் துறையின் காவலுக்குப் போகட்டும். அந்த வேலைக்கு அறிவு வேண்டும். எழுத்தைப் படி எடுக்கவும், நீர்க்கசிவை நிறுத்தவும், சுண்ணாம்பைக் கல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்கவும் ஊருக்குத் தெரியாது, துறைக்குத் தெரியும். காவலாளி வேலை உள்ளூர் ஆளுக்கு என்று மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்.

சுற்றுலாவை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்குத் தமிழ்ப் பிராமி படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு மாதம் உட்கார்ந்தால் எழுத்து பிடிபடும், நான் கற்றது அப்படித்தான். வெளியூர்க்காரர் வரும்போது தன் மலையில் உள்ள எழுத்தைத் தானே படித்துக் காட்டுகிற பிள்ளை, அந்தப் பாறையில் பெயர் கீறவும் மாட்டாள், கீற விடவும் மாட்டாள்.

இதையெல்லாம் சொல்லிமுடித்து, தீர்மான வரைவை எழுத உட்கார்ந்தோம். ஊராட்சிச் செயலர் கொண்டுவந்த புல வரைபடத்தில் மலை ஒரே சர்வே எண்ணில் கோடு போட்ட ஒரு வட்டமாக இருந்தது. படுக்கை எங்கே, சுனை எங்கே, எதுவும் இல்லை. சாவடிக்கு வெளியே திண்ணையோரம் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்.

"இதுல மூணு சுனையில ஒண்ணுகூட இல்லையே தம்பி. எழுத்து ரெண்டு எடத்துல இருக்கு, ஒண்ணுதான் ஒங்களுக்குத் தெரியும். காலையில ஆறு மணிக்கு வாங்க. வெயிலுக்கு முன்ன ஏறி எல்லாத்தையும் காட்டுறேன், எழுதிக்கங்க."

அம்பலம் ஐயா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார். "இங்கன உக்காரு ஆத்தா," என்றார். வரைவின் மேலே குழு உறுப்பினர் பட்டியலுக்கு விட்டிருந்த இடத்தில் முதல் வரியில் அந்த அம்மாவின் பெயரை எழுதினேன்.